பட்டணத்துக் கட்டடங்கள் – 7: மைதானத்தைப் பார்த்து நின்றவை

சென்ற பகுதியில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் சுற்றினோம். இந்த முறை வடக்கே வெளியேறி, இன்று என்.எஸ்.சி. போஸ் சாலை என்று பலகையிலும், பாரிமுனை, ஐகோர்ட்டு, பூக்கடை என்று ஜனங்களின் வாயிலும் இருக்கிற சாலைக்கு வருகிறோம். கிழக்கே பாரிமுனையில் தொடங்கி மேற்கே பூக்கடை வரை நடந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஆனால் சென்னையில் இவ்வளவு குறைந்த தூரத்தில் இத்தனை காலத்துக் கட்டடங்கள் ஒரே வரிசையில் நிற்கும் சாலை வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

நடக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சாலையின் வடபக்கத்தில் 1760-களின் கோயில், 1840-களின் பள்ளிக்கூடம், அதே காலத்துப் பாதிரிமார் கட்டடம், 1900-இன் இளைஞர் சங்கம், 1940-இன் கம்பெனி அலுவலகம் என்று எல்லாக் காலமும் கலந்து கிடக்கிறது. தென்பக்கத்தில் அப்படி இல்லை. ஐகோர்ட்டும் சட்டக் கல்லூரியும் 1890-களில் எழுந்தவை. அதற்கு முன் ஒரு கலங்கரை விளக்கம், அதுவும் 1844-தான். பட்டணம் பிறந்ததோ 1639-இல். இருநூறு வருஷத்துக்குக் கோட்டைக்கு எதிரே இருந்த விலைமதிப்பான இந்த நிலத்தில் யாரும் செங்கல் வைக்கவில்லையா?

வைத்தார்கள். ஓர் ஊரே இருந்தது. பீரங்கிக்காக அது எடுக்கப்பட்டது.

ஊர் இருந்த இடம்

இன்றைய ஐகோர்ட்டு வளாகமும் சட்டக் கல்லூரியும் நிற்கும் நிலத்தில்தான் பழைய கறுப்பர் நகரம் இருந்தது. கோட்டையின் வடக்குச் சுவரையொட்டியே நெசவாளர்கள், சாயக்காரர்கள், வணிகர்கள், துபாஷிகள் எனப்பட்ட இருமொழித் தரகர்கள் என்று குடியேறியிருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வேண்டும். துணி கொடுப்பவன் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். ஊர் அப்படித்தான் சுவரோடு ஒட்டி வளர்ந்தது.

இந்த நெருக்கம் யுத்தம் வந்தபோது ஆபத்தாகிவிட்டது. 1746 செப்டம்பரில் லா பூர்தொன்னேயின் தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் வந்து கோட்டையைச் சில நாட்களிலேயே பிடித்தார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அந்த நாட்களின் செய்திகளைச் சுடச்சுட எழுதிவைத்திருக்கிறார். கோட்டை கைக்கு வந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, வடக்குச் சுவரையொட்டிய வீடுகளை இடித்தது. வீடுகள் இருந்தால் அடுத்து வரும் எதிரி அவற்றின் மறைவில் சுவர்வரை வந்துவிடுவான். அந்த ஆபத்தின் கடுமை வேறு யாரையும்விட, அப்போதுதான் கோட்டையைப் பிடித்தவனுக்கு நன்றாகத் தெரியும்.

உடன்படிக்கைப்படி 1749-இல் பட்டணம் ஆங்கிலேயரிடம் திரும்பியது. இடிந்த வீடுகளை அவர்கள் மீண்டும் கட்ட விடுவார்கள் என்று ஜனங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நடந்தது நேர் எதிர். பிரெஞ்சுக்காரன் பாதியில் விட்ட வேலையை ஆங்கிலேயன் முடித்துவைத்தான். அடுத்த யுத்தம் வரப்போகிறது என்று தெரிந்து, 1757 வாக்கில் எஞ்சிய கறுப்பர் நகரத்தையும் தரைமட்டமாக்கினார்கள். குடிகள் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் போனார்கள். அந்த இரண்டு பேட்டைகளும் வளர்ந்து புதிய கறுப்பர் நகரமாயின. பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் பெயரால் ஜார்ஜ் டவுன் ஆனதும் அதுதான்.

இடையில் கிடந்த வெட்டவெளிக்கு எஸ்பிளனேடு என்று பேர். கோட்டைச் சுவரின் பீரங்கிக்கு முன்னால் ஒரு தடையும் இருக்கக்கூடாது என்பதுதான் அதன் ஒரே சட்டம்.

தப்பிய கோபுரமும் எல்லைக் கல்லும்

அந்தச் சட்டத்தின் காலத்திலிருந்து மிஞ்சிய அடையாளங்கள் இரண்டு. இரண்டையும் தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்துபோகிறார்கள்.

ஒன்று, சட்டக் கல்லூரிப் பக்கம் தனியாக நிற்கும் கூர்ங்கோபுரம். இந்த இடம் ஆங்கிலேயரின் பழைய இடுகாடு. செத்துப்போன கனவான்களுக்குப் பெரிய பெரிய கோபுரச் சமாதிகள் எழுப்பியிருந்தார்கள். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி படையெடுத்து வந்து 1759 பிப்ரவரி வரை கோட்டையை முற்றுகையிட்டபோது, அந்தச் சமாதிகளே பிரெஞ்சுச் சிப்பாய்களுக்கு நல்ல மறைவாகிவிட்டன. உயிரோடிருந்தவர்களின் வீட்டை இடித்தவர்கள் செத்தவர்களின் வீட்டை விட்டுவைத்திருந்ததன் பலன். முற்றுகை கலைந்ததும் இடுகாட்டையும் சுத்தம் செய்தார்கள். எழுத்து வெட்டிய கற்பலகைகளைப் பெயர்த்துக் கோட்டைக்குள் தூய மேரி தேவாலயத்தைச் சுற்றிப் பாவினார்கள். இன்றும் அங்கே போனால் நம் காலடியில் இருப்பவை அந்தக் கற்கள்தான். ஹைதர் அலி காலத்து அச்சத்தில் அவற்றில் சிலவற்றைப் பெயர்த்துப் பீரங்கி ஏற்றவும் பயன்படுத்தினார்கள்.

இடிபடாமல் தப்பிய அந்தக் கோபுரம் ஜோசப் ஹின்மர் என்ற கம்பெனி அதிகாரிக்காகக் கட்டியது. 1680-இல் அவர் இறந்தபின் அவர் மனைவி கேத்தரினை மணந்தவர் எலிஹு யேல். பின்னாளில் பட்டணத்தின் கவர்னர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பேர் கொடுத்தவர். யேல் தம்பதியின் ஒரே மகன் டேவிட் குழந்தையாகவே இறந்துபோனான். அவனையும் இந்தச் சமாதியிலேயே அடக்கம் செய்தார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் அடியில் நிற்கிறவர்களில் பெரும்பாலோர் கேஸ் கட்டோடு அவசரத்தில் இருப்பவர்கள்.

இன்னொன்று பாரிமுனையில் இருக்கிறது. 1773-இல் மைதானத்தின் வடக்கு எல்லையைக் குறிக்க ஆறு கல்தூண்கள் நட்டார்கள். இந்தத் தூண்களுக்கும் கோட்டைக்கும் நடுவே யாரும் கட்டடம் எழுப்பக்கூடாது. ஐந்து தூண்கள் போன இடம் தெரியாது. ஆறாவது, டேர் ஹவுஸ் மூலையில் கம்பி வேலிக்குள் நிற்கிறது. பார்க்க ஒன்றுமில்லாத தூண். ஆனால் இந்தப் பட்டணத்தில் இன்றும் கண்ணால் பார்க்கக்கூடிய மிகப் பழைய கட்டட விதி அதுதான். அதைத் தாண்டாதே என்றார்கள், ஊர் தாண்டவில்லை. அதனால்தான் வடபக்கக் கட்டடங்கள் எல்லாம் கோடு கிழித்தாற்போல் ஒரே வரிசையில் நிற்கின்றன.

வெடிமருந்துக்காரர் கோயில்

இடித்த ஊரில் ஒரு கோயிலும் இருந்தது. சென்ன கேசவப் பெருமாள் கோயில். கம்பெனிக்கு வெடிமருந்து தயாரித்துக் கொடுத்த நாகபட்டன் என்பவர் 1646-இல் அந்தக் கோயிலுக்கு மானியம் எழுதிவைத்திருக்கிறார். ஜனங்கள் அதைப் பட்டணம் கோயில் என்றார்கள். ஊருக்கே தாய்க்கோயில் என்ற மதிப்பு. வெடிமருந்துக்காரர் மானியம் கொடுத்த கோயிலே நூறு வருஷம் கழித்துப் பீரங்கிக்கு வழிவிட வேண்டியதாயிற்று. அதன் கற்களும் கோட்டை வேலைக்கே போயின.

வீடு போனதைப் பொறுத்துக்கொண்டவர்கள் கோயில் போனதைப் பொறுக்கவில்லை. கம்பெனி இறங்கிவந்து, புதிய ஊரின் விளிம்பில் மாற்று நிலமும் கொஞ்சம் பணமும் கொடுத்தது. மீதியை ஊரார் போட்டார்கள். முன்னின்றவர் கம்பெனியின் துபாஷி மணலி முத்துகிருஷ்ண முதலியார். இசை கேட்பவர்களுக்கு இவர் வேறு வழியாகவும் பழக்கமானவர். ராம நாடகம் பாடிய சீர்காழி அருணாசலக் கவிராயரை ஆதரித்த வள்ளல் இவரே. 1762-இல் வேலை தொடங்கியது. பெருமாளுக்கு மட்டுமல்லாமல் பக்கத்திலேயே சென்ன மல்லீஸ்வரருக்கும் ஒரு கோயில் எழுந்தது. பூக்கடைச் சந்தடியின் நடுவே, தேவராஜ முதலி தெருப் பக்கம் நுழைந்தால் இரண்டும் அருகருகே இருக்கின்றன.

உள்ளே போய்ப் பாருங்கள். பெரிய கோபுரம், ஆயிரங்கால் மண்டபம் என்று ஒன்றும் கிடையாது. அளவான முன்மண்டபம், நெருக்கமான பிரகாரம். இது ராஜா கட்டிய கோயில் அல்ல. வியாபாரிகள் கணக்குப் பார்த்துக் கட்டியது. தங்கள் கோயிலைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று கம்பெனியையே சம்மதிக்க வைத்தவர்கள் அவர்கள். அந்த வெற்றியைக் கல்லில் பார்ப்பதற்காகவாவது போக வேண்டும். சுற்றிலும் பூ வியாபாரம் வந்து, அந்த வட்டாரத்துக்கே பூக்கடை என்ற பேர் நிலைத்தது. மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போன பிறகும் பத்ரியன் தெருவில் மல்லிகை வாசம் முழுசாகப் போய்விடவில்லை.

முன்வரிசை

எதிரே மைதானம் வெறுமையாகக் கிடந்தது வடபக்கக் கட்டடங்களுக்கு ஒரு குணத்தைக் கொடுத்தது. எதிரே எதுவும் இல்லாததால் அவை கோட்டையிலிருந்து அப்படியே தெரிந்தன. கவர்னர் மாளிகை மாடியிலிருந்து பார்த்தாலும் தெரியும். கடலில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து பார்த்தாலும் கொஞ்சம் தெரியும். கல்யாணத்தில் முன்வரிசை நாற்காலிக்கு ஆசைப்படுகிறவர்களைப்போல, பட்டணத்தில் தனக்கென்று ஓர் அந்தஸ்து வேண்டுமென்று நினைத்தவர்கள் எல்லாம் இந்த வரிசையில் ஒரு மனை தேடினார்கள்.

முதலில் வந்தவர்களில் ஸ்டீபன் போபம் என்ற வக்கீல். முத்தியால்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் நடுவே சாக்கடையாக ஒரு பள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. 1780-களில் அந்த நிலத்தை வாங்கித் தூர்த்து, வடக்கு தெற்காக ஒரு சாலை போட்டு, இருபக்கமும் மனை விற்றார். அதுதான் போபம்ஸ் பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. இரண்டு பேட்டைகளும் வலங்கை, இடங்கைச் சாதிச் சண்டைகளுக்குப் பேர்போனவை. நடுவில் இருந்த பள்ளம் போய்ச் சாலை வந்ததும் வியாபாரம் அந்த எல்லையைத் தாண்டியது.

1788-இல் வேல்ஸிலிருந்து வந்த தாமஸ் பாரி, 1803-இல் கிழக்கு மூலை மனையை வாங்கினார். அதற்கு முன் அது ஆற்காட்டு நவாப் குடும்பத்தின் சொத்து. துறைமுகம் வராத காலம். அலை இன்று ராஜாஜி சாலை இருக்கும் பக்கம்வரை வரும். கப்பலிலிருந்து மசூலாப் படகில் இறங்கும் சரக்குக்கு முதல் வீடே பாரியின் வீடு. 1824-இல் பரங்கிப்பேட்டையில் காலரா கண்டு அவர் இறந்துபோனார். மூலைக்கு மட்டும் அவர் பேர் ஒட்டிக்கொண்டது. அதே மூலையில் 1938-இல் தொடங்கி 1940-இல் முடிந்த இன்றைய டேர் ஹவுஸ், பாரியின் கூட்டாளி ஜான் வில்லியம் டேர் பேரைத் தாங்கியிருக்கிறது. வளைந்த முனை, படுக்கைக் கோடுகள், அலங்காரம் குறைந்த முகம் என்று ஆர்ட் டெக்கோ பாணி. தூண், வளைவு, குவிமாடம் என்று அதுவரை கட்டிவந்த ஊரில் அன்றைக்கு அது புத்தம் புதிய மோஸ்தர்.

இந்த வரிசையிலேயே எனக்கு மிகப் பிடித்த கதை பச்சையப்பன் மண்டபத்துடையது. பச்சையப்ப முதலியார் 1754-இல் ஏழ்மையில் பிறந்து, துபாஷியாகிப் பெரும் பணம் சேர்த்து, நாற்பதே வயதில், 1794-இல் திருவையாற்றில் இறந்தார். காசி முதல் கன்னியாகுமரி வரை கோயில் தர்மங்களுக்கு உயில் எழுதிவைத்தார். பணம் யார் யார் கையிலோ மாட்டி, வழக்குமேல் வழக்காகி, கடைசியில் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முயற்சியால் மீட்கப்பட்டது. கோயில் செலவு போக எஞ்சிய தொகை பள்ளிக்கூடத்துக்கு என்று தீர்ப்பாகி, 1842 ஜனவரி 1-இல் பள்ளி தொடங்கியது. 1846-இல் எஸ்பிளனேடில் அடிக்கல் நாட்டி, 1850-இல் மண்டபம் திறந்தார்கள்.

அது ஏதென்ஸ் நகரத்துத் தீசியஸ் கோயிலின் சாயல். வரிசையாகப் பருத்த தூண்கள், மேலே முக்கோண நெற்றி. துபாஷி ஒருவரின் தர்மப் பணத்தில், இந்துப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று தொடங்கிய பள்ளிக்குக் கிரேக்கக் கோயில் முகப்பு எதற்கு? பதில் பக்கத்து மனையில் இருக்கிறது.

ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜான் ஆண்டர்சன் 1837-இல் தொடங்கிய பள்ளியும் அதே 1840-களில் எஸ்பிளனேடுக்கு வந்துசேர்ந்தது. இங்கிலீஷ் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று உயர்குடிப் பிள்ளைகள் போனார்கள். 1841-இல் இரண்டு மாணவர்கள் ஞானஸ்நானம் பெற, ஊர் கொந்தளித்துப் பலர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். மதம் மாறாமல் இங்கிலீஷ் படிக்க ஒரு பள்ளி வேண்டும் என்ற ஆத்திரமும் ஆசையும் பச்சையப்பன் பள்ளிக்குப் பின்னால் இருந்தன. ‘உங்கள் கல்வி எங்களுக்கு வேண்டும், உங்கள் சபை வேண்டாம்’ என்பதைக் கோட்டைக்காரர்களுக்கு அவர்கள் மதிக்கும் பாணியிலேயே சொல்ல வேண்டும். அந்தக் கிரேக்கத் தூண்கள் மைதானத்தைத் தாண்டிக் கோட்டையைப் பார்த்துச் சொன்னது அதுதான் என்று நான் நினைக்கிறேன். பள்ளி கல்லூரியாகி, 1906-இல் கும்பகோணத்திலிருந்து வந்த ராமானுஜன் இங்கே சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் தேறாமல் போனது தெரிந்த கதை. 1930-களின் தொடக்கத்தில் அண்ணா படித்ததும் இந்தக் கட்டடக் காலத்தில்தான். 1940-இல் கல்லூரி சேத்துப்பட்டுக்குப் போனது.

ஆண்டர்சன் பள்ளி கிறிஸ்தவக் கல்லூரியாகி, வில்லியம் மில்லர் காலத்தில் தென்னிந்தியாவின் முதல்வரிசைக் கல்லூரியாக ஓங்கி, 1937-இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. எஸ்பிளனேடில் இன்று அதன் அடையாளமாக நிற்பது ஆண்டர்சன் தேவாலயம். அருகே 1900-இல் திறந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் செக்கச்செவேல் என்று நிற்கிறது. அமெரிக்கத் தபால் துறைத் தலைவராயிருந்த ஜான் வானமேக்கர் கொடுத்த நன்கொடையில் கட்டியது. அமெரிக்கப் பணம், கிறிஸ்தவச் சங்கம், ராஜஸ்தானத்து மாளிகை முகப்பு. அரை நூற்றாண்டில் மோஸ்தர் தலைகீழானதைப் பாருங்கள். இந்துக்கள் கிரேக்கக் கோயில் கட்டிய சாலையில் கிறிஸ்தவர்கள் ராஜஸ்தானத்து ஜரோகா மாடம் வைத்துக் கட்டினார்கள்.

பளிங்கென்று ஏமாந்தவர்கள்

இந்த முகப்புகளை எழுப்பிய கொத்தனார்களின் கைவேலையைச் சற்று அருகே போய்ப் பார்க்கலாம். கிரேக்கத் தூண் என்றதும் கல்தூண் என்று நினைத்துக்கொள்வோம். மதராஸில் அவை பெரும்பாலும் செங்கல் தூண்கள். மேலே சுண்ணாம்புப் பூச்சு. ஆனால் அந்தப் பூச்சு சாதாரணப் பூச்சு அல்ல. கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. முதல் பூச்சில் மணலும் வெல்லத் தண்ணீரும் சேரும். அது இறுகியபின் மெல்லிய இரண்டாம் பூச்சு. கடைசிப் பூச்சுக்குச் சுண்ணாம்பை அம்மியில் மாவாக அரைப்பார்கள். முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் என்று சேரும். ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க வியர்த்தாற்போல் நீர் கசியும். துணியால் ஒற்றி ஒற்றி மறுபடி தேய்ப்பார்கள். முடிந்ததும் கண்ணாடி மாதிரி முகம் தெரியும். அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பயணிகள் பலர் இதைப் பளிங்கு என்றே நினைத்துவிட்டு, பிறகு விசாரித்து வியந்து எழுதியிருக்கிறார்கள்.

கூரைக்கு மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, சின்ன மெல்லிய செங்கற்களைக் குறுக்காக, ஓரம் கீழே வருமாறு நெருக்கி நிறுத்தி, சுண்ணாம்பால் பிணைப்பார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டி இறுக்குவார்கள். இந்தத் தளம் வெயிலைத் தாங்கும், மழையைத் தாங்கும். தாங்காதது இரண்டுதான்: கட்டைமுனையில் பிடிக்கும் கறையான், பழுதுபார்க்கிறேன் என்று மேலே சிமெண்ட் பூசுகிற கை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் பொடிந்துவிடும். ஜார்ஜ் டவுனில் பழைய வீடு ‘தானாக’ இடிந்தது என்று கேள்விப்படும்போது, பல இடங்களில் உள்ளே நடந்திருப்பது இதுதான்.

முகம் மறைந்த நாள்

மைதானத்தில் விதிவிலக்கு பெற்ற முதல் பெரிய கட்டடம் 1844-இன் கலங்கரை விளக்கம். பல்லாவரத்துக் கருங்கல்லில் எழுப்பிய உருண்டைத் தூண். கப்பலுக்கு வழி காட்டுவது கம்பெனிக்கும் லாபம் என்பதால் பீரங்கி கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. பிறகு காலமே மாறியது. சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பின் ஆட்சி ராணியின் கைக்குப் போனது. ஐரோப்பியப் படை கடல்வழி வந்து கோட்டையைப் பிடிக்கும் பயம் பழங்கதையானது. பீரங்கிக்காக ஒதுக்கிய நிலம் இனி வெறும் நிலம்தான்.

1862-இல் உருவான ஐகோர்ட்டு, கடற்கரைச் சாலையில் பென்டிங்க் கட்டடத்தில் இடப்பற்றாக்குறையோடு நடந்துவந்தது. புதுக் கட்டடத்துக்கு மைதானத்தைத் தேர்ந்தார்கள். பிராசிங்டன் போட்ட வரைபடத்தை ஹென்றி இர்வின் மாற்றி வளர்த்து முடித்தார். 1892 ஜூலை 12-இல் திறப்பு. செங்கல் சிவப்பு, வெங்காயக் குவிமாடங்கள், வளைவுகள், உள்ளே வண்ணக் கண்ணாடியும் வேலைப்பாடான ஓடுகளும். நடுக் கோபுரம் சுமார் 175 அடி. 1894-இல் கடல்விளக்கும் அந்தக் கோபுரத்தின் உச்சிக்கே ஏறி 1977 வரை அங்கேயே எரிந்தது. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து குண்டு வீசியபோது ஐகோர்ட்டுச் சுற்றுச்சுவரும் அடி வாங்கியது. அந்த இடத்தில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். கோட்டைக்குக் குறிபார்க்க வேண்டும் என்று ஊரையே இடித்து வைத்திருந்த நிலத்தில், கடைசியில் குண்டு வாங்கியது ஒரு கோர்ட்டு.

1899-இல் மேற்கே சட்டக் கல்லூரி முடிந்தது. அதுவும் இர்வின் கை. கட்டியவர் ஒப்பந்தக்காரர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டி. பட்டணத்தின் சிவப்புக் கட்டடங்களில் பாதிக்குமேல் அவர் பேர் சொல்லும். லண்டனிலிருந்து நோயோடு திரும்பிய ராமானுஜன் கடைசி நாட்களைக் கழித்த சேத்துப்பட்டு வீடும் அவருடையதுதான்.

இரண்டும் எழுந்ததும் தென்பக்கத்தில் ஒரு சிவப்புத் திரை விழுந்தது. வடபக்கக் கட்டடங்கள் கோட்டையிலிருந்து மறைந்தன. நூறு வருஷமாகக் கோட்டைக்கு முகம் காட்டி நின்ற வரிசைக்கு அன்றோடு பார்வையாளர் இல்லாமல் போனார்கள். அழகாகத் தெரிய வேண்டிய அவசியம் போனதும், முகப்பு என்பது வாடகை வரக்கூடிய இடம் என்று ஆனது. பச்சையப்பன் மண்டபத்துக்கு முன்னால் கடைகள் வந்தன. கிரேக்கத் தூண்களைப் பார்க்க இன்று கடைகளுக்கு நடுவே கழுத்தை நீட்ட வேண்டியிருக்கிறது. மேலே விளம்பரப் பலகை, கீழே நடைபாதைக் கடை, இடையில் மின்கம்பிச் சிக்கல்.

இடிப்பதற்கு ஒரு காரணம்

இந்தச் சாலையின் வரலாற்றில் இடிப்பு புதிதல்ல. இந்தச் சாலை பிறந்ததே இடிப்பில். ஆனால் 1757-இல் இடித்தவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது. அது கொடுமையான காரணமானாலும், ஏன் என்று கேட்டால் பதில் சொல்லியிருப்பார்கள். கோயிலை இடித்ததற்கு மாற்று நிலம் கொடுக்க வேண்டும் என்று கம்பெனிக்கே தோன்றியது. பிற்காலத்து இடிப்புகளுக்கு அந்த அளவுகூட விளக்கம் கிடைப்பதில்லை. 1793-இல் வணிகர்களுக்காகக் கட்டி, பிறகு சுப்ரீம் கோர்ட்டாகவும் ஐகோர்ட்டாகவும் கலெக்டர் ஆபீசாகவும் இருந்த பென்டிங்க் கட்டடத்தை நம் காலத்திலேயே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சிங்காரவேலர் மாளிகையைக் கட்டினார்கள். இட நெருக்கடி உண்மைதான். பழைய கட்டடத்தை வைத்துக்கொண்டே இடம் தேட முடியாதா என்ற கேள்வி அன்று பெரிதாக எழவில்லை.

2012-இல் தமிழ்நாடு மரபுக் கட்டடங்களுக்கென்று ஆணையச் சட்டம் வந்தது. சட்டம் கட்டடத்தைக் காக்கும்; முகப்பைக் காக்குமா என்பதுதான் இந்தச் சாலையின் பிரச்சினை. என்.எஸ்.சி. போஸ் சாலையில் பெரிய செலவு எதுவும் இல்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வடபக்கக் கட்டடங்களின் முன்னே தொங்கும் பலகைகளை ஒழுங்குபடுத்தி, மெட்ரோ வந்தபின் கிடைத்திருக்கும் நடைபாதையிலிருந்து அவற்றின் முகம் தெரியும்படி விட்டால் போதும். எதிரே பார்க்கக் கோட்டை இல்லை என்றாலும் தினமும் லட்சக்கணக்கான ஜனங்கள் இருக்கிறார்கள். பார்க்கிற கண் இருந்த காலத்தில்தான் இந்த வரிசையைப் பராமரித்தார்கள். அந்தக் கண் இனிமேல் நம்முடையதாக இருக்க வேண்டும்.

அடுத்த பகுதியில் ஆர்மேனியன் தெருவுக்குள் திரும்புகிறோம். 1772-இல் எழுந்த ஆர்மேனியர் தேவாலயம், உலகின் முதல் ஆர்மேனிய இதழ் 1794-இல் இந்தப் பட்டணத்தில் அச்சான கதை, அன்னி பெசன்ட் உருவாக்கிய கோகலே மண்டபம் பாதி இடிந்தபோது கோர்ட்டு குறுக்கிட்ட விவகாரம் – மூன்றும் அங்கே காத்திருக்கின்றன.

(தொடரும்)